இரவே ஊறவைத்துக் காலையில் ஓவனில் வைக்கும் காயா ரொட்டி: ஞாயிறு பசியாறலுக்கு ஒரு செய்முறை

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு உறவினர் எட்டுப் பேர் பசியாற வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோசை என்று முடிவு செய்தால், கல்லருகே நின்று ஒவ்வொன்றாக வார்த்து அனுப்புகிறவர் மட்டும் எல்லாரும் கைகழுவிய பிறகு, சட்னி தீர்ந்த நிலையில், மீந்த மாவில் ஊற்றிய ஒன்றைத் தின்ன வேண்டியிருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றாலே முட்டிக்கொள்ள நேர்வதால், உதவிக்கு யாரையும் அழைக்கவும் முடியாது. இங்கே விளக்கப்போகும் பண்டத்துக்கான வேலை முழுவதும் சனிக்கிழமை இரவே முடிந்துவிடுகிறது. காலையில் ஓவனில் வைத்துவிட்டு விருந்தினரோடு உட்கார்ந்து பேசலாம்.

ரொட்டித் துண்டுகளை முட்டையும் பாலும் கலந்த கஸ்டர்டில் இரவு முழுவதும் ஊறவைத்துச் சுட்டெடுப்பது மேலை நாடுகளில் வழக்கமாக உள்ள முறைதான். அங்கே பாலாடையும் இலவங்கப்பட்டையும் சேர்க்கும் இடத்தில் நான் தேங்காய்ப்பாலையும் பாண்டான் இலையையும் காயாவையும் சேர்க்கிறேன். காயாவே முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை ஆகியவற்றைக் கிண்டிச் செய்வதுதான் என்பதால் இந்தக் கஸ்டர்டுக்கு அது அந்நியமே அல்ல. மலாயில் ‘காயா’ என்ற சொல்லுக்குச் செல்வம் நிறைந்தது என்று பொருள். சுவைத்துப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று ஒப்புக்கொள்வீர்கள்.

தொடங்குவதற்கு முன் ஓவனை அளந்துகொள்ளுங்கள். மேல்நாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் 23 சென்டிமீட்டர் அகலமும் 33 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட பாத்திரத்தைச் சொல்கின்றன. நம்மில் பலர் வைத்திருக்கும் மேசை ஓவனில் அது நுழைந்தாலும் கதவு மூடாது. கீழே உள்ள அளவுகள் ஏறக்குறைய 20க்கு 28 சென்டிமீட்டர் அளவுள்ள, 2 லிட்டருக்குச் சற்று அதிகம் கொள்ளும் பாத்திரத்துக்கானவை; ஆறு முதல் எட்டுப் பேருக்குப் போதும்.

வெட்டப்படாத வெள்ளை ரொட்டி 400 கிராம், முழு முட்டை 5, அவற்றோடு மஞ்சள் கரு மட்டும் 2, கொழுப்பு நீக்காத பால் 350 மில்லிலிட்டர், கெட்டித் தேங்காய்ப்பால் 250 மில்லிலிட்டர், குலா மெலாக்கா 80 கிராம், காயா 150 கிராம், பாண்டான் இலை 4, ஏலக்காய் 3, உப்பு அரைத் தேக்கரண்டி, பாத்திரத்தில் தடவக் கொஞ்சம் வெண்ணெய் ஆகியவை வேண்டும். மேலே தூவும் பொரபொரப்புக்கு மைதா 40 கிராம், பழுப்புச் சர்க்கரை 30 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 30 கிராம், உலர்ந்த தேங்காய்த் துருவல் 30 கிராம், ஒரு கைப்பிடி உடைத்த முந்திரி ஆகியவற்றைத் தனியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். குலா மெலாக்கா தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுப்பது; வீட்டில் ஊர்க் கருப்பட்டி இருந்தால் அதே எடையில் அதையும் சேர்க்கலாம், சுவை சற்று அழுத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

ரொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பண்டம் கெட்டுப்போனால் பத்தில் ஒன்பது முறை பழி ரொட்டியின் மேல்தான் விழும். எந்தக் குறிப்பைப் படித்தாலும் ‘முந்தைய நாள் ரொட்டியை எடுத்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருப்பார்கள். குளிர்ந்த, வறண்ட காற்றுள்ள ஊர்களில் திறந்துவைத்த ரொட்டி ஒரே இரவில் காய்ந்துவிடும். சிங்கப்பூர்க் காற்றின் ஈரத்தில் அது நடவாது. உறைக்குள் வைத்த ரொட்டி காய்வதற்கு முன்னால் பூசணம் பூத்துவிடும். அதோடு, ரொட்டி பழையதாவதும் உலர்வதும் ஒன்றல்ல. மாவுச்சத்து மீண்டும் இறுகுவதால் பழைய ரொட்டி விறைப்பாகத் தெரிகிறதே தவிர, உள்ளிருக்கும் நீர் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. நமக்கு வேண்டியது நீர் வெளியேறிய ரொட்டி; அப்போதுதான் அந்த இடத்தில் கஸ்டர்ட் ஏறும்.

முதல் முறை இதைச் செய்தபோது நான் அதைப் பொருட்படுத்தாமல், அன்று காலை வாங்கிய மெத்தென்ற ரொட்டியை அப்படியே வெட்டிப்போட்டேன். மேலே பொன்னிறமாகப் பார்க்க அழகாக இருந்த அந்தப் பண்டத்தில் கரண்டியை இறக்கியதும், அடியில் ஒரு விரல் கனத்துக்கு இனிப்புக் கஞ்சி தேங்கியிருந்தது தெரிந்தது. ‘இதைக் கிண்ணத்தில் ஊற்றித் தருவாயா, தட்டில் வைத்துத் தருவாயா?’ என்று சித்தி மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

ஆகவே முதல் வேலை, ரொட்டியை உலர்த்துவது. அக்கம்பக்கத்துப் பழைய ரொட்டிக்கடையில் கருகிய மேல்தோலைச் சீவி விற்கும் உயரமான ரொட்டி கிடைத்தால் அதையே வாங்கி, துண்டு போடாமல் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேரங்காடியில் கிடைக்கும் வெண்ணெய் மிகுந்த பிரியோஷ் ரொட்டியும் நன்றாக அமையும். இரண்டரை சென்டிமீட்டர் கனச் சதுரங்களாக வெட்டி, தட்டில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள், நடுவில் ஒரு முறை புரட்டிவிடுங்கள். நிறம் மாறக்கூடாது. ஒரு துண்டை எடுத்து இரு விரல்களுக்கிடையே அழுத்தினால், மேற்பரப்பு ரஸ்க் போல் கரகரத்து, நடுவில் மட்டும் இலேசாக அமுங்க வேண்டும். முழுவதும் ஆறிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ரொட்டி உலரும் நேரத்தில் பாண்டான் இலைகளைக் கழுவி, நகத்தால் நீளவாக்கில் கீறி, முடிச்சாகக் கட்டிக்கொள்ளுங்கள். பாசுமதி அரிசி வேகும்போது எழும் மணத்துக்குக் காரணமான அதே வேதிப்பொருள்தான் பாண்டான் இலையிலும் இருக்கிறது; இலையைக் கசக்கி முகர்ந்தால் சோற்றுப்பானை நினைவுக்கு வருவது அதனால்தான். தேங்காய்ப்பால், சீவிய குலா மெலாக்கா, தட்டிய ஏலக்காய், இலை முடிச்சு, உப்பு ஆகியவற்றை ஒரு பாத்திரத்தில் சேர்த்துச் சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள். வெல்லம் கரைந்து, ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதிக்கவிட்டால் தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் பிரியும். மூடிவைத்து 20 நிமிடம் கழித்து இலைகளைப் பிழிந்து எடுத்துவிட்டு, குளிர்ந்த பாலை அதில் ஊற்றுங்கள். ஈரச்சந்தையில் பிழிந்து தரும் புதிய தேங்காய்ப்பாலுக்கு மணம் அதிகம் என்றாலும் அது விரைவில் புளித்துவிடும். வாங்கிய அன்றே இவ்வாறு சூடாக்க முடியாது என்றால் பெட்டியில் அடைத்த பாலே மேல்.

இன்னொரு பெரிய பாத்திரத்தில் முழு முட்டைகளையும் மஞ்சள் கருக்களையும் நுரை எழும்பாமல் அடித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கரு பண்டத்தை இறுக வைக்கிறது, மஞ்சள் கரு அதை வழவழப்பாக்குகிறது. வெறும் முழு முட்டையாகச் சேர்த்தால் ஆம்லெட்டின் சாயல் வந்துவிடும் என்பதால்தான் இரண்டு மஞ்சள் கருவை மேலதிகமாகச் சேர்க்கச் சொன்னேன். பால் கலவை கைக்கு வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாத அளவுக்கு ஆறியபின், அதை முட்டையில் ஊற்றிக் கலந்து, கம்பி வடிகட்டியில் வடித்தெடுங்கள். ஏலக்காய்த் தோலும் வெல்லத்தின் தூசியும் முட்டையின் நூல்களும் வடிகட்டியில் நின்றுவிடும்.

இனி அடுக்குதல். வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் பாதி ரொட்டியைப் பரப்பி, அதன் மேல் காயாவைச் சிறு தேக்கரண்டியால் ஆங்காங்கே பொட்டுப் பொட்டாக வையுங்கள். காயாவைக் கஸ்டர்டிலேயே கரைத்துவிடலாமே என்று தோன்றும். கரைத்தால் பண்டம் முழுவதும் ஒரே இனிப்பாகி, நாலாவது வாயில் திகட்டிவிடும். தனித்தனியாக வைத்தால் ஒரு வாயில் காயா தட்டுப்படும், அடுத்த வாயில் தட்டுப்படாது. மீதி ரொட்டியை மேலே அடுக்கி, கஸ்டர்டை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக ஊற்றுங்கள். ஒட்டும் நெகிழி உறையை மேலே பரப்பி, உள்ளங்கையால் இரண்டு நிமிடம் மென்மையாக அழுத்துங்கள்; முதலில் ‘சுர்’ரென்று காற்றுக் குமிழிகள் வரும், பிறகு கைக்கடியில் ரொட்டி கனக்கத் தொடங்கும். பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஒரு முறை அழுத்தி, குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழான குளிரில் 8 முதல் 12 மணி நேரம் வையுங்கள். பச்சை முட்டை சேர்ந்த கலவையை நம் வெயிலில் மேசைமேல் விட்டுவைப்பது அறவே கூடாது.

பொரபொரப்புக்கானவற்றில் முந்திரியைத் தவிர மற்றவற்றை ஒரு சிட்டிகை உப்போடு விரல் நுனியால் பிசிறி, முந்திரியைக் கலந்து, தனி டப்பாவில் மூடிக் குளிரில் வைத்துவிடுங்கள். இரவே மேலே தூவிவிட்டால் ஈரம் ஏறிப் பிசைந்த மாவாகிவிடும்.

காலையில் உறையை விலக்கும்போது மேற்பரப்பில் வெள்ளை மணிகளாக ஏதோ உறைந்திருப்பதைக் கண்டு திடுக்கிட வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், தேங்காய்ப்பாலில் உள்ள கொழுப்பு குளிரில் அப்படித் திரள்கிறது. ஓவன் சூட்டில் உருகி உள்ளே இறங்கிவிடும். பாத்திரத்தை வெளியே எடுத்து 30 நிமிடம் வையுங்கள், அதற்குமேல் வேண்டாம். கண்ணாடிப் பாத்திரம் என்றால் இந்த இடைவெளியைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும், ஏனெனில் குளிர்ந்த கண்ணாடியை நேரே சூட்டுக்குள் தள்ளினால் விரிசல் விடக்கூடும். அந்த நேரத்தில் ஓவனை 175 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். விசிறி சுழலும் ஓவன் என்றால் 155 போதும். சிறிய ஓவன்களின் திருகில் காட்டும் எண்ணுக்கும் உள்ளிருக்கும் சூட்டுக்கும் நிறைய வேறுபாடு இருக்கும் என்பதால், உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்றை வாங்கிவைப்பதை நான் வீண் செலவாகக் கருதமாட்டேன்.

பொரபொரப்பைத் தூவி, பாத்திரத்தை அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, கீழ்த் தட்டில் 25 நிமிடம் வையுங்கள். மேல்கம்பி நெருக்கமாக இருக்கும் மேசை ஓவனில் தாளில்லாமல் வைத்தால், நடுப்பகுதி பச்சையாக இருக்கும்போதே தேங்காய்த் துருவல் கருகிவிடும். பிறகு தாளை எடுத்துவிட்டு மேலும் 20 முதல் 25 நிமிடம் வேகவிட வேண்டும். ஓரங்கள் உப்பி எழுந்து, பாத்திரத்தை அசைத்தால் நடுவில் மட்டும் இட்லி மாதிரி மெல்ல அதிர்ந்து, அலை ஓடாமல் இருந்தால் வெந்துவிட்டது என்று பொருள். நடுவில் கத்தியை இறக்கி எடுத்தால் ஈரம் ஒட்டலாம், பால் வழியக்கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 75 டிகிரியைத் தாண்டி 80ஐ நெருங்கும்போது எடுத்துவிடுங்கள். அதற்கு வெகுவாக மேலே போனால் முட்டை இறுகி நீர் விடத் தொடங்கும்.

வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் உப்பல் இறங்கிவிடும். உள்ளிருந்த நீராவி அடங்குவதால் நடப்பது அது, உங்கள் கைத்தவறு அல்ல. 15 நிமிடம் ஆறவிட்ட பிறகு வெட்டினால் துண்டுகள் உருக்குலையாமல் நிற்கும். சூடான துண்டின் மேல் உப்பு வெண்ணெயை மெல்லிய சீவலாக வைத்தால், காப்பிக்கடையில் தின்னும் காயா ரொட்டியின் ருசி அப்படியே எழும். பக்கத்தில் நறுக்கிய மாம்பழமும், இனிப்பே சேர்க்காத காப்பி ஓ கொசோங்கும் இருந்தால் போதும். இதற்குமேல் தேன், பாகு என்று எதையும் ஊற்றாதீர்கள்.

முட்டை உண்ணாதவர்கள் வீட்டில் இருந்தால் இதே குறிப்பில் முட்டையை மட்டும் விட்டுவிட்டுச் செய்ய முயல வேண்டாம், நிற்காது. அவர்களுக்கென்று தேங்காய்ப்பாலில் சோளமாவைக் காய்ச்சிக் கெட்டியாக்கி, உலர்த்திய ரொட்டியின் மேல் ஊற்றி அன்றே சுட்டுக்கொடுக்கலாம். அதில் காயா வைக்க முடியாது, வாழைப்பழம் வைக்கலாம்.

மீந்தால் மூடிக் குளிரில் வைத்து மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் மேல்பகுதி நமத்துவிடும். 160 டிகிரி ஓவனில் 12 நிமிடம் வைத்தால் பொரபொரப்பு திரும்பிவிடும். எங்கள் வீட்டில் திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்புமுன் குளிர்ந்தபடியே ஒரு துண்டை நின்றுகொண்டு தின்பவர்களும் உண்டு, அவர்களில் நானும் ஒருத்தி.