உயிர்காப்பாளரை நம்பித் தண்ணீரில் இறங்குவோர் செய்யும் தவறுகள்

கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலையகத்தில் எங்கே போனாலும், காலையில் நீச்சல் தடாகத்தில் லேன் (கயிற்றால் பிரித்த நீச்சல் பாதை) பிடித்து நீந்துகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு உயிர்காப்பாளரில் வந்து நிற்கும். ஒரு தடாகத்தில் அவர் போனிலிருந்து தலை நிமிர்வதில்லை. இன்னொன்றில் அவரே டிக்கெட்டும் கிழிக்க வேண்டும், தரையும் கழுவ வேண்டும். மழை தூறத் தொடங்கினால் கதிரையைத் தகரக் கூரைக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார்; விசில் மட்டும் பழைய இடத்தில் கம்பியில் தொங்கும். கூரைக்கு அடியிலிருந்து பார்த்தால் ஆழமான பக்கத்துச் சுவரோரம் தெரியவே தெரியாது. குறை உண்மைதான். ஆனால் நம் கையில் இருப்பதையும் நாம் கோட்டை விட்டுவிடுகிறோம்.

"எனக்கு நீந்தத் தெரியும், அவர் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன" என்பதுதான் முதல் தவறு. நன்றாக நீந்துகிறவர் மீதுதான் கண் மிகக் குறைவாக விழும். சிறுவர்கள் துள்ளுகிற பக்கமே பார்வை போகும், அது நியாயமும்கூட. முகம் தண்ணீருக்குள் கிடந்தால் மற்றவர்களுக்கு அது ஆபத்தின் அடையாளம். லேனில் நீந்துகிறவருக்கோ அதுவே வழக்கமான கோலம். அசையாமல் கிடந்தாலும் ஏதோ பயிற்சி செய்கிறார் என்றே நினைப்பார்கள்.

ஆபத்து வந்தால் கூப்பிடலாம் என்ற கணக்கும் சரிவராது. நியூயோர்க்கின் ஓர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, ஆட்கள் தத்தளிப்பதைப் படமெடுத்து ஆராய்ந்தவர். மூழ்குகிறவர் கையசைப்பதுமில்லை, கத்துவதுமில்லை. வாய் மேலே வரும் கணம் மூச்சு எடுக்கவே போதாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். 20 முதல் 60 வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கெண்டைக்கால் இழுக்கிறது என்று தோன்றிய உடனேயே லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை உயர்த்துங்கள். அதில் என்ன வெட்கம்?

எனக்கு மிகவும் பயம் தருவது மூச்சடக்கும் போட்டி. பையன்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாகப் பத்துப் பதினைந்து மூச்சு இழுப்பார்கள், அப்புறம் அடியால் ஒரு முழு லேன். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை முக்கியமாகத் தூண்டுவது இரத்தத்தில் சேரும் காபனீரொட்சைட்டு. வேகமாக மூச்சிழுத்து அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், ஒட்சிசன் தீர்ந்த பிறகும் தவிப்பு வராது. நினைவு சட்டென்று போய்விடும், தத்தளிப்பே இருக்காது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கரையில் நிற்கும் உயிர்காப்பாளருக்கு, அடியில் இருப்பவர் பயிற்சியில் இருக்கிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று வித்தியாசம் தெரியாது. ஒட்சிசன் இல்லாமல் நாலைந்து நிமிடம் போனால் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். கவனமான உயிர்காப்பாளர் இருக்கும் இடத்திலும் இந்த விளையாட்டு வேண்டாம்.

இறங்கும் முன் ஆழமான பக்கத்து ஓரத்தில் நின்று, அடியில் இருக்கும் வடிகால் மூடியின் கம்பிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கலங்கல், மூடுபனி, மழைத்துளி, எதனாலோ தெரியவில்லை என்றால் உயிர்காப்பாளருக்கும் நீங்கள் தெரியப் போவதில்லை. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மழை வரும். முதல் இடியிலேயே கரையேறுங்கள், விசிலுக்குக் காத்திருக்க வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் போகட்டும்.

அடுத்தது, கதிரையில் இருப்பவரின் கவனத்தை நாமே கலைப்பது. பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு எப்போது, மாதக் கட்டணம் எவ்வளவு என்று கதிரையைச் சுற்றி நின்று விசாரிப்பது பெற்றோர்தானே. சில இடங்களில் அவரையே தண்ணீருக்குள் இறக்கி வகுப்பும் எடுக்க வைப்பார்கள். அந்த நேரத்தில் லேன்களுக்கு அவர் முதுகைத்தான் காட்டிக்கொண்டு நிற்பார். அப்போது தடாகத்தில் உயிர்காப்பாளர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கதிரையில் இருக்கும்போது, இறங்கும் முன் கண்ணைப் பார்த்து "மல்லி, பொட்டக் பலாகன்ன" (தம்பி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்) என்று சிங்களத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்து லேனில் நீந்துங்கள்.

அவரைப் பத்துப் பேர் முன்னால் ஏசுவதால் ஒன்றும் மாறாது. உளவியலாளர் நோர்மன் மக்வொர்த் 1948இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே இடத்தை விடாமல் கவனிக்கிறவர்கள் அரை மணி நேரத்துக்குள்ளேயே கோட்டை விடத் தொடங்கினார்கள். மாற்று ஆள் இல்லாமல் மணிக்கணக்காக உட்கார வைத்தால் யாருக்கும் அதுதான் நடக்கும். மாநகர சபையோ பாடசாலையோ ஹோட்டலோ, தடாகத்தை நடத்துகிறவர்களுக்குத் திகதி, நேரம், தண்ணீரில் இருந்தவர்களின் எண்ணிக்கை எல்லாம் போட்டுக் கடிதம் கொடுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார், அவர் தேநீர் குடிக்கப் போனால் யார் நிற்பது என்று கேளுங்கள்.

யாராவது மூழ்கினால் பாய்வது கடைசி வழி. பிடித்தால் விடமாட்டார்கள், இருவரும் போய்விடலாம். நீண்ட கம்பு, மிதவை வளையம், இல்லாவிட்டால் துவாயையாவது நீட்டுங்கள். வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும், நேரமும் வீணாகும். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், பிறகு 30 தடவை நெஞ்சை அழுத்தி 2 மூச்சு என்று தொடருங்கள். இன்னொருவர் 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்கட்டும். மலைப்பாதையில் அது வந்து சேர நேரம் எடுக்கும், அதனால் வழிகாட்ட ஒருவரைப் பிரதான வீதிக்கு அனுப்பிவிட்டு, அது வரும்வரை அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.