ஜபோரிஜியாவ மேப்ல படிக்கணுமா? வருஷத்த விடுங்க, பாறையிலருந்து ஆரம்பிங்க

அக்கா பொண்ணு லீவுக்கு ஊட்டி வந்தப்ப ஸ்கூல் ப்ராஜெக்ட்டுன்னு உக்ரைன்ல இருக்குற ஜபோரிஜியா ஊர எடுத்துக்கிட்டா. ரெண்டு நாளா வெறும் வருஷங்களா உருப்போட்டும் ஒண்ணும் மண்டைல ஏறல. அப்ப நான் சொல்லிக்குடுத்த வழி இது.

மொதல்ல மேப்ல கருங்கடல தேடுங்க. அங்கருந்து நீப்பர் ஆத்த புடிச்சு மேல போங்க, ரஷ்யாவுல வால்டாய் மேட்டுல பொறந்து பெலாரஸ் வழியா வர்ற ஆறு, சுமார் 2,200 கிலோமீட்டர். ட்னிப்ரோன்னு ஒரு பெரிய ஊர் வரும், அதுக்கும் ஜபோரிஜியாவுக்கும் நடுவுல ஆத்துக்கு குறுக்க பென்சில்ல ஒன்பது கோடு போடுங்க. இதுதான் முக்கியம், இத விட்டா மத்ததெல்லாம் சும்மா மனப்பாடம்தான்.

ஒன்பது கோடுன்னா ஒன்பது பாறைத்தடுப்பு. உக்ரைன் பாஷைல பொரிக்னு சொல்வாங்க, வாசப்படிக்கும் அதே வார்த்த. ஊர் பேருக்கே 'படிக்கு அந்தப் பக்கம்'னுதான் அர்த்தம். பைக்காரா அருவில தண்ணி பாறை பாறையா எறங்குறத பாத்துருப்பீங்கல்ல, அதுல போட் விட முடியுமா? வீட்டுப் பின்னாடி மழத்தண்ணி ஓடுற கான்ல ஒன்பது கல்ல வச்சு காகிதக் கப்பல் விடச் சொன்னேன், மூணாவது கல்லுல கவுந்துச்சு, அவளே கையில தூக்கி அந்தப் பக்கம் வச்சா. அட, இதத்தானே அந்தக் காலத்துலயும் பண்ணாங்க! கப்பல கரைல ஏத்தி இழுத்துட்டுப் போவாங்க, அந்த நேரம் பாத்து அடிக்க எதிரி ஒளிஞ்சிருப்பான். 972ல கீவ் ராஜா ஸ்வியாத்தோஸ்லாவ பெச்செனெக்ங்கற குதிரை நாடோடிக் கூட்டம் கொன்னது இந்தப் பாறைங்ககிட்டதான்.

அடுத்து படிக்குக் கீழ பாருங்க, கோர்ட்டிட்சியா தீவு, சுமார் 12 கிலோமீட்டர் நீளம். கோசாக்குனு சொல்ற உக்ரைன் போர்வீரங்க இந்தப் பக்கம் கோட்டை கட்டுனதுக்கு காரணமும் அந்தப் பாறைதான், கப்பல்ல படை சுலபமா எறங்காது. 1770ல ரஷ்யாக்காரங்க அலெக்ஸாண்ட்ரோவ்ஸ்க்னு கோட்டை போட்டாங்க, ஊரு அதுலருந்து வளந்தது, 1775ல காதரின் ராணி கோசாக்குகள கலைச்சா, 1921ல ஊருக்கு இப்ப இருக்குற பேரு. இவ்ளோ போதும்.

இப்ப அந்த ஒன்பது கோட்டையும் அழிங்க. 1932ல கரண்ட் எடுக்க ஜபோரிஜியாகிட்ட ஆத்துக்கு குறுக்க டேம் கட்டி முடிச்சதும் பாறையெல்லாம் தண்ணிக்குள்ள முழுகிருச்சு. நம்ம பைக்காரா கரண்ட் வந்ததும் அதே 1932தான்! ஆனா நமக்கு கொஞ்சம் தண்ணி, 900 மீட்டருக்கு மேல எறக்கம், சிங்காரா பவர்ஹவுஸ்ல வந்து விழுது. அவங்களுக்கு எறக்கம் சுமார் 35 மீட்டர்தான், தண்ணி கடல் மாதிரி. அந்த டேம 1941 ஆகஸ்ட்ல பின்வாங்குன சோவியத் ராணுவமே வெடி வச்சு ஒடச்சுது, போருக்கப்புறம் திரும்ப கட்டுனாங்க, 2024 மார்ச்ல ரஷ்ய ஏவுகணை பட்டுச்சு.

ஒரு தப்பு எல்லாரும் பண்றது, அணு உலை ஊருக்குள்ள இருக்குன்னு எழுதாதீங்க, பேருதான் ஜபோரிஜியா அணு உலை, இருக்குறது எனர்ஹோதார்ல, ஆத்தோட இன்னும் கீழ.

கடைசியா பழைய மேப்பையும் புதுசையும் பக்கத்துல வைங்க. ஊருக்குக் கீழ பழசுல பெரிய நீலம் இருக்கும், ககோவ்கா ரிசர்வாயர். 2023 ஜூன் 6ல ககோவ்கா டேம் ஒடஞ்சு தண்ணி வடிஞ்சுருச்சு, அங்க இப்ப வில்லோ மரமா மொளச்சு நிக்குது. அவ நோட்டுல நீலத்த அழிச்சு பச்சை அடிச்சா, ரப்பர் தேச்ச எடத்துல பேப்பர் கிழிஞ்சுருச்சு, பின்னாடி செல்லோடேப் ஒட்டிக் குடுத்துவிட்டோம்.