பால், கறி இல்லாத சாப்பாட்டுக்கு மாறணுமா? நம்ம வீட்டு அடுப்புல இருந்தே ஆரம்பிக்கலாம்

வீகன் சாப்பாடுன்னு சொன்னதும் நெறைய பேர் நேரா சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் பாதாம் பால், டோஃபு, வீகன் சீஸ் இதையெல்லாம் எடுத்துப் பாக்கறாங்க, அப்புறம் விலையப் பாத்துட்டு இது நமக்குக் கட்டுப்படியாகாதுப்பான்னு வெச்சுட்டு வந்துடறாங்க. தயவுசெஞ்சு அங்க இருந்து ஆரம்பிக்காதீங்க. இட்லி, தோசை, சாம்பார், ரசம், புட்டு, இடியாப்பம், வத்தக்குழம்பு, சுண்டல், துவையல், எள்ளுருண்டைன்னு நம்ம வீட்ல வழக்கமா செய்யறதுல முக்கால்வாசி செடி கொடில இருந்து வந்ததுதான். மீதி கொஞ்சத்த எப்படி மாத்தறதுங்கறதுதான் இந்தப் பதிவு.

நான் இதுக்கு வந்தது மாடுகளுக்காக. பாலுக்காக வளக்கற எடத்துல காளைக்கன்னு பொறந்தா அதனால வருமானம் இல்ல, அதோட கதி என்ன ஆகுதுன்னு தெரிஞ்ச பிறகு பால் டம்ளர கையில எடுக்க மனசு வரல. உங்களுக்குக் காரணம் வேறயா இருக்கலாம், பால் குடிச்சா வயிறு உப்புசமா இருக்கு, கொலஸ்ட்ரால் இருக்குன்னு டாக்டர் சொல்லிருக்கார், எதுவா இருந்தாலும் செய்யற முறை ஒண்ணுதான்.

படி 1: ஒரு வாரம் எழுதி வைங்க

எதையும் நிறுத்தாதீங்க. காலைல எழுந்ததுல இருந்து வாயில போடறத மட்டும் எழுதுங்க. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா பால் சமாச்சாரம் எல்லாம் ரெண்டு மூணு எடத்துலதான் சுத்திச் சுத்தி வரும்: காபி டீ, தயிர் மோர், நெய். அசைவ வீடுன்னா இதோட முட்டை, ஞாயித்துக்கிழமை கறி, மீன். எங்க மாத்தணும்னு அந்த நோட்டே காட்டிடும்.

படி 2: ஒரு வேளைய மட்டும் பிடிங்க

காலை டிபன்தான் ரொம்ப ஈஸி. இட்லியும் தேங்காய்ச் சட்னியும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், அரிசி உப்புமா, அடை, கேப்பைப் புட்டு, எதுலயும் பால் கிடையாது. இட்லிப் பொடிக்கு நெய்க்குப் பதிலா நல்லெண்ணெய், அவ்வளவுதான். டிபன் பழகினதும் ராத்திரி சாப்பாடு, கடைசியா மதியம். மதியத்த ஏன் கடைசில வைக்கச் சொல்றேன்னா அங்கதான் தயிர் சாதம் உக்காந்திருக்கு, அதுக்குத் தனியா ஒரு படி கீழ இருக்கு.

ஒரே நாள்ல எல்லாத்தையும் விட்டவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ஒத்து வந்துச்சுன்னா சந்தோஷம். ஆனா வீட்ல நாலு பேருக்குச் சமைக்கறவங்க மெதுவா போறதுதான் நிலைக்குதுன்னு நான் உறுதியா சொல்வேன்.

படி 3: எடுக்கறதுக்கு முன்னாடி சேருங்க

இத யாரும் அழுத்திச் சொல்றதில்ல. முட்டை, கறி, பால் போச்சுன்னா அந்த எடத்துல தானா வந்து உக்கார்றது சோறுதான், அதனாலதான் ஒரு மாசத்துல அசதியா இருக்கு, அடிக்கடி பசிக்குதுன்னு விட்டுடறாங்க. தட்டுல பருப்ப ஏத்தணும். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்குப்படி பெரியவங்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேணும், 60 கிலோ இருக்கறவங்களுக்கு 50 கிராம்னு வெச்சுக்கங்க. 100 கிராம் துவரம்பருப்புல 22 கிராம் கிட்ட இருக்கு, வேர்க்கடலைல 25, மீல்மேக்கர்ல 50 கிராமுக்கு மேல. ஆனா இதெல்லாம் வேகறதுக்கு முன்னாடி இருக்கற எடை. தண்ணியா வெச்ச சாம்பார் ரெண்டு கரண்டில எவ்வளவு பருப்பு வரும்னு நீங்களே பாத்துக்கங்க.

அதனால தினம் ரெண்டு வேளையாவது கெட்டியா ஒரு பருப்பு வகை இருக்கட்டும். கூட்டு, பருப்பு உசிலி, தட்டப்பயறு குழம்பு, மொச்சைக் குழம்பு, கொள்ளு மசியல், சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரியே பயறு ஊறப்போடற பழக்கம் வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. மொதல்ல வாயுத் தொல்லை இருக்கும், ஊறின தண்ணிய கீழ ஊத்திட்டு புதுத் தண்ணில வேக வைங்க, பெருங்காயம், இஞ்சி சேருங்க, அளவ கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, வயிறு பழகிக்கும்.

படி 4: காபி

காபிய விட முடியாதுன்னுதான் பாதிப் பேர் இந்தப் பக்கமே வர்றதில்ல. விட வேணாம். ஓட்ஸ் பால் காபிக்கு நல்லா சேரும், கடைல வாங்கறதா இருந்தா சர்க்கரை சேர்க்காததா பாத்து வாங்குங்க. சோயா பால் காபில திரியுதுன்னு சொல்வாங்க, டிகாஷன்ல இருக்கற புளிப்பும் சூடும் சேர்றதுதான் காரணம். பாலத் தனியா சூடு பண்ணி டம்ளர்ல ஊத்திட்டு, கொஞ்சம் ஆறின டிகாஷன கொஞ்சம் கொஞ்சமா பால்ல விட்டு ஆத்துங்க, திரியறது வெகுவா குறையும். டிகாஷன் ரொம்ப ஸ்ட்ராங்கா வேணாம். தேங்காய்ப்பால் காபில அந்த வாசனை முன்னாடி நிக்கும், சில பேருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்கல. டீக்குன்னா நான் பால் தேடறதே இல்ல, இஞ்சி தட்டிப் போட்டு லெமன் டீ, இல்லன்னா கருப்பட்டி போட்ட சுக்கு காபி.

படி 5: வேர்க்கடலைத் தயிர்

இதுக்காகவே இந்தப் பதிவு எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா தயிர் கைக்கு வந்துட்டா நம்ம ஊர் ஆளுங்களுக்கு மத்ததெல்லாம் சுலபம்.

ஒரு கப் பச்சை வேர்க்கடலைய, வறுக்காததா இருக்கணும், 8 மணி நேரம் ஊற வைங்க. கையால நல்லா தேச்சா தோல் கழண்டு மேல வரும், முடிஞ்சவரைக்கும் எடுத்துடுங்க, தோல் இருந்தா நிறமும் மங்கும், லேசா துவர்க்கும். மிக்சில முதல்ல கொஞ்சமா தண்ணி விட்டு வெண்ணெய் மாதிரி நைஸா அரைங்க, அப்புறம் மொத்தமா ரெண்டரை கப் வர்ற மாதிரி தண்ணி சேத்து ஒரு சுத்து விட்டு, பழைய காட்டன் துணில வடிகட்டிப் பிழிங்க. சக்கைய வீசாதீங்க, அடை மாவுலயோ பொரியல்லயோ சேத்துக்கலாம்.

இப்ப அடி கனமான பாத்திரத்துல ஊத்தி சின்னத் தீயில வைங்க. பக்கத்துலயே நில்லுங்க, மாட்டுப்பால விட சீக்கிரம் அடி பிடிக்கும், கரண்டி அடியத் தொட்டுட்டே இருக்கணும். பொங்கி வந்ததும் உடனே எறக்காம இன்னும் பத்து நிமிஷம் கொதிக்க விட்டாத்தான் பச்சை வாசனை போகும். எறக்கி ஆற வைங்க. சுண்டுவிரல உள்ள விட்டா வெதுவெதுன்னு தாங்கற சூடு, அதுதான் பக்குவம்.

உறைக்கு என்ன பண்றது? பச்சைமிளகாய்க் காம்பு. ஏழெட்டு மிளகாயக் கழுவி, தொப்பியோட சேத்து காம்ப மட்டும் கிள்ளி, பால்ல முழுகற மாதிரி போட்டு மூடி வைங்க. காம்புல இருக்கற லாக்டிக் பாக்டீரியாதான் உறைய வைக்குது. வெயில் காலத்துல 8 மணி நேரம், குளிர்ல 12 மணி நேரம் வரை ஆகும். உறைஞ்சதும் காம்ப எடுத்துடுங்க. முதல் தடவை உறையறதுல லேசா மிளகாய் வாசனை இருக்கும், கெட்டியாவும் இருக்காது, அத அப்படியே சாப்பிடாம அடுத்த தடவைக்கு உறையா ரெண்டு ஸ்பூன் விட்டுப் பாருங்க, கத்தியால வெட்டற மாதிரி உறையும். அடில கொஞ்சம் தண்ணி பிரிஞ்சா பயப்படாதீங்க, கலக்கினா சேந்துடும். இளஞ்சிவப்பாவோ, மேல பூஞ்சையோ, கெட்ட வாசனையோ வந்தா மட்டும் யோசிக்காம கொட்டிடுங்க.

தயிர் சாதத்துக்கு சோத்த குழைய மசிச்சு, இந்தத் தயிர விட்டு, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிச்சு, இஞ்சிய பொடியா நறுக்கிப் போடுங்க. கடலை வாசனை இஞ்சியிலயும் பெருங்காயத்துலயும் அடங்கிடும். ஊறுகாய் வெச்சு சாப்பிட்ட எங்க அம்மா ரெண்டாவது தடவை வாங்கிப் போட்டுக்கிட்டாங்க, "பால் குடிக்காம உடம்புல தெம்பு எங்கடி இருக்கும்"னு கேட்டவங்கதான். மோர்க்குழம்புக்கும் ஆகும், நுரை கட்டினதும் அடுப்ப அணைச்சுடணும். வேர்க்கடலை அலர்ஜி இருக்கறவங்க இந்தப் பக்கமே வராதீங்க.

படி 6: நெய்யும் ஞாயித்துக்கிழமையும்

பொங்கலுக்கு தேங்காய் எண்ணெய்ல மிளகு, சீரகம், முந்திரி தாளிங்க. பாசிப்பருப்பு பாயசத்துக்கு வெல்லமும் தேங்காய்ப்பாலும், முதல் பாலக் கடைசில விட்டு கொதிக்க விடாம எறக்குங்க. ஞாயித்துக்கிழமைக்கு பலாக்காய், காளான், மீல்மேக்கர் மூணும் இருக்கு, மீல்மேக்கர சுடுதண்ணில ஊறவெச்சு ரெண்டு மூணு தடவை அழுத்திப் பிழிஞ்சாத்தான் மசாலா ஏறும். கறிக்குழம்போட ருசி பாதிக்கு மேல அந்த வறுத்தரைச்ச மசாலாலதான் இருக்கு, அத நாம விடப் போறதில்ல.

வீட்ல மத்தவங்க மாறலைன்னா ரெண்டு சமையல் பண்ணாதீங்க, ஓஞ்சு போயிடுவீங்க. எல்லாருக்கும் எண்ணெய்ல தாளிச்சு ஒரே சமையல், நெய்யும் தயிரும் வேணுங்கறவங்க தட்டுல போட்டுக்கட்டும். யாரையும் கட்டாயப்படுத்தாம இருந்தாலே வீட்ல பாதி சண்டை வராது.

படி 7: இத மட்டும் தட்டிக் கழிக்காதீங்க

விட்டமின் பி12. செடில இருந்து வர்ற சாப்பாட்டுல நம்பி எடுத்துக்கற அளவுக்கு இது கிடையாது. பழைய சோறுல இருக்கு, இட்லி மாவுல இருக்கு, ஸ்பைருலினால இருக்குன்னு வாட்ஸப்ல வர்றத நம்பி இருக்காதீங்க. குறைஞ்சா ரத்தசோகை, கை கால் மரத்துப் போறது, மறதின்னு போகும், நரம்பு பாதிப்பு சில சமயம் திரும்ப சரியாகறதும் இல்ல. ஆரம்பிக்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை, டாக்டர்ட்ட கேட்டு மாத்திரை, வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப டெஸ்ட். கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கற அம்மாக்கள், சின்னக் குழந்தைங்களுக்கு மாத்த நினைக்கறவங்க டாக்டரையோ டயட்டீஷியனையோ பாக்காம ஆரம்பிக்கவே வேணாம்.

கால்சியத்துக்கு கேப்பை, 100 கிராம்ல கிட்டத்தட்ட 350 மில்லிகிராம் இருக்கு, கூட எள்ளு, முருங்கைக்கீரை, அகத்திக்கீரை. பாலக்கீரைய கால்சியத்துக்கு நம்பாதீங்க, அதுல இருக்கற ஆக்சலேட் உடம்புல சேர விடாது. இரும்புச்சத்துக்கு கீரை, பயறோட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்க, விட்டமின் சி இருந்தா நல்லா உறிஞ்சும். சாப்பிட்ட கையோட காபி டீ குடிச்சா அது குறைஞ்சுடும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

படி 8: கடையும் கல்யாண வீடும்

பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருந்தா சைவம்னுதான் அர்த்தம், பால் இருக்கலாம். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2022ல வீகன் உணவுக்குன்னு தனி விதிமுறை கொண்டு வந்திருக்கு, பச்சை நிறத்துல வி எழுத்து போட்ட லோகோ, அது இருந்தா கவலை இல்ல. இல்லன்னா பின்னாடி திருப்பி மில்க் சாலிட்ஸ், வே (whey), கேசின், பட்டர் இருக்கான்னு படிங்க, எல்லாமே பால்ல இருந்து எடுக்கறதுதான். பிஸ்கட், பிரெட், சிப்ஸ் மசாலாலகூட இருக்கும். கடை முறுக்குல வெண்ணெய், நான்ல தயிர், பரோட்டா மாவுல முட்டையோ பாலோ பல கடைல போடுவாங்க, கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க. ஓட்டல்ல உக்காந்ததுமே "அண்ணே, தோசை எண்ணெய்ல மட்டும், நெய் வேணாம்"னு சொல்லிடுங்க, தோசைக்கல்லுக்குப் போன பிறகு சொன்னா நடக்காது. கல்யாணப் பந்தில அவியல்ல தயிர் இருக்கும், கூட்டு, பொரியல், சாம்பார், வத்தக்குழம்பு, ரசத்துல மேல நெய் விட்டிருக்காங்களான்னு மட்டும் பரிமாறறவங்கள்ட்ட கேட்டுக்கங்க, பந்தி விசாரிக்க வர்ற மாமாட்ட மட்டும் விளக்கம் குடுக்க ஆரம்பிக்காம "வயிறு நெறைஞ்சுடுச்சு மாமா, தயிர் வேணாம்"னு சிரிச்சுட்டு இலைய மூடிடுங்க.