பறவைப் படம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் கூட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள்

தரிசு நிலத்தில் நடக்கும்போது ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால், கேமராவைத் தூக்காதீர்கள், காலடியைப் பாருங்கள். பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கலாம். வெறுந்தரையில் சின்னப் பள்ளம் பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும் பறவை அது. முட்டை மண் நிறத்தில் கரும்புள்ளியோடு இருப்பதால் மிதிக்கும்வரை கண்ணில் படாது. வெயில் ஏறினால் தாயும் தகப்பனும் மாறி மாறி நின்று நிழல் கொடுக்கும். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நல்ல படத்துக்காக நீங்கள் அரைமணி நேரம் அங்கேயே நின்றால், அவ்வளவு நேரமும் முட்டை வெயிலில் காயும். வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

மரக்கூட்டை மறைக்கிறதென்று கிளையை ஒடிப்பது இன்னும் மோசம். குஞ்சுக்கு நிழலும் காக்கையிடமிருந்து மறைவும் அந்த இலைகள்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கூட்டையும் முட்டையையும் கலைப்பதைக்கூட ‘வேட்டை’ என்றே வரையறுக்கிறது. பஞ்சுருட்டான் அலகில் தட்டானோடு கம்பியில் உட்கார்ந்து, தன் கூடான மண் வளைக்குள் போகாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தால், நீங்கள் போவதற்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆறுமணிக்குருவியை வெளியே வரவைக்க செல்போனில் அதன் குரலைப் போடுகிறார்கள். தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டதென்று அது இரையை விட்டுவிட்டு அலையும். வலசை வந்து களைத்த பறவைக்கு இதைச் செய்யவே கூடாது.

பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்புகிறவர்களும் உண்டு. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர் வேடந்தாங்கல். அங்கே போய் இப்படிச் செய்வது அநியாயம். சாயங்காலம் வரை பொறுத்தால் இரை தேடப்போன பறவைகள் தாமாகவே கூட்டம் கூட்டமாகத் திரும்பும். பறப்பது கலங்காமல் பதிய, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் கொண்டுபோங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணரும் அளவு) ஏறினால் ஏறட்டும். கருத்த தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கொஞ்சம் குறையுங்கள், இல்லையென்றால் இறகின் வரிகளே தெரியாமல் வெளுத்துவிடும். நின்றபடி கீழ்நோக்கி எடுக்காமல், தரையில் படுத்து அதன் கண் மட்டத்தில் எடுங்கள்.

படத்தைப் பகிரும்போது கூடு இருக்கும் இடத்தை எழுதாதீர்கள். செல்போன் படத்துக்குள் இருப்பிடம் தானாகவே பதிவாகியிருக்கலாம். அதையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.