பழைய பத்திரிகைக் கவிதை: வாசிப்பவர் சறுக்கும் இடங்கள்

பழைய பத்திரிகைக் கட்டு கையில் கிடைத்ததும் கவிதையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாட்டு இருக்கும். அது யாரைக் கிண்டல் செய்கிறது, எதற்குப் பதில் என்பது இருக்காது. அந்தச் சங்கதி பக்கத்துப் பத்தியில், தலையங்கத்திலோ தந்திச் செய்தியிலோ கிடந்திருக்கும். முழுத் தாளையும் எடுங்கள், விளம்பரத்தோடு சேர்த்து.

அடுத்தது, பாட்டையே செய்தியாக எடுத்துக்கொள்வது. 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட் டோமென்று' பள்ளுப் பாடிய பாரதி இறந்தது 1921இல். சுதந்திரம் வந்ததோ 1947இல். நமக்கு ஆண்டு தெரியும், அதனால் ஏமாற மாட்டோம். பேர் தெரியாத ஒருவர் 'ஊரே திரண்டது' என்று சிந்து பாடியிருந்தால்? அங்கேதான் மாட்டிக்கொள்வோம். அவருடைய ஆசை பாட்டில் இருக்கும். கூட்டம் வந்ததா என்பதை வேறு தாளில்தான் தேட வேண்டும். இரங்கற்பாவும் அப்படியே. அதில் செத்தவர்கள் எல்லோரும் கர்ணன்தான்! அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். புகழ்ச்சியை விட்டுவிட்டு ஊர், உறவுமுறை, இறந்த நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அச்சில் இருக்கும் பெயரை அப்படியே நம்புவது இன்னும் பெரிய தவறு. 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையை எழுதி நடத்தியவர் பாரதி. ஆனால் சட்டப்படி ஆசிரியர் சீனிவாசன். 1908இல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது ஐந்தாண்டு தண்டனை அவருக்குத்தான் விழுந்தது. பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். பத்திரிகையும் பின்னாலேயே போனது. பாட்டின் கீழே இருக்கும் பெயரும் முகமூடியாக இருக்கலாம். ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் மூவரும் அதே பாரதிதான்.

அப்புறம் தேதி. 'தாது வருஷம்' என்று மட்டும் இருந்தால், பஞ்சம் வந்த 1876 என்று உடனே எழுதிவிடாதீர்கள். அறுபது ஆண்டுச் சுற்றில் தாது 1936இலும் வந்தது. எழுத்து வடிவமும் முழுத் துணை ஆகாது. யானைத் துதிக்கை போல் வளைவு போட்ட பழைய 'லை'யைப் பெரியாரின் 'குடி அரசு' பத்திரிகை 1935லேயே விட்டது, தமிழக அரசு 1978இல்தான் விட்டது. மாதம், தேதி, கிழமை மூன்றும் எந்த ஆண்டில் பொருந்துகின்றன என்று பழைய பஞ்சாங்கத்தில் பார்ப்பதே வழி.

கணினியில் தேடுகிறவர்களுக்கு வேறு சிக்கல். 'பெண்' என்று தட்டினால் 'ஸ்திரீ' வராது. 'குடிமக்கள்' என்றால் 'பிரஜைகள்' வராது. 'விஷயதானம்' செய்தவர் என்றால் கட்டுரை எழுதிக் கொடுத்தவர். நன்கொடை கொடுத்தவர் என்று கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். சரி, சொல் தெரிந்தாலும் கவிதையில் அது முழுசாக இருக்காது, சீருக்காக, அதாவது அடியின் ஓசைப் பிரிவுக்காக, உடைந்திருக்கும். மேலே உள்ள பள்ளுவையே பாருங்கள்: 'அடைந்துவிட்டோம்' என்று தேடினால் அகப்படாது, 'அடைந்துவிட்' என்று பாதியில் நிறுத்தினால்தான் அகப்படும்.