தேடுபொறியில் முதலிடம் வாங்கித் தருவதாக வரும் மின்னஞ்சல்களை எதிர்கொள்வது எப்படி?

“உங்கள் இணையதளத்தைப் பார்வையிட்டேன். தேடல் முடிவுகளில் அது பின்தங்கியிருப்பதற்குக் காரணமான சில பிழைகளைக் கண்டேன். நீங்கள் அனுமதித்தால் இலவச அறிக்கையும் விலைப்பட்டியலும் அனுப்பிவைக்கிறேன்.” சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கி, அதில் தொடர்பு முகவரியையும் வெளியிட்டிருப்பவர்களுக்கு இந்தக் கடிதம் புதிதாக இருக்காது. கீழே ஒரு பெயர் மட்டும் இருக்கும். நிறுவனத்தின் பெயரோ அதன் தள முகவரியோ இருக்காது. அனுப்பிய முகவரி ஏதேனும் ஓர் இலவச மின்னஞ்சல் சேவையில் திறக்கப்பட்டதாக இருக்கும். சிறிய அமைப்புகளின் தளங்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அவற்றின் பொறுப்பாளர்கள் பதற்றத்தோடு எனக்கு அனுப்பி, “இது உண்மையா?” என்று கேட்கும் மின்னஞ்சல்களில் இந்த வகையே மிகுதி. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்தக் கடிதம் உங்கள் தளத்தைப் பற்றி என்ன சொல்கிறதோ, அதை உங்கள் கையில் இருக்கும் தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதுவரை பதில் எழுதவும் வேண்டாம், பணம் தரவும் வேண்டாம்.

இந்தக் கடிதங்களை அனுப்புவோர் தளத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதற்குக் கூகுளே ஒரு சான்று. தேடல் ஆலோசகரை அமர்த்துவது குறித்த அதன் உதவிப் பக்கத்தில், “உங்கள் தளம் பெரும்பாலான முக்கியத் தேடுபொறிகளிலும் இணைய அடைவுகளிலும் இடம்பெறவில்லை” என்று கூகுள் தளத்துக்கே வந்த ஒரு மின்னஞ்சலை எடுத்துக்காட்டி, முன்பின் அறியாதவர்கள் அனுப்பும் இத்தகைய கடிதங்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி அந்நிறுவனம் அறிவுறுத்துகிறது.

கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள்

முதலில், உங்கள் தளத்துக்கு மட்டுமே பொருந்தக்கூடிய ஒரு வரியாவது அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். “சில பக்கங்களில் பிழைகள் உள்ளன” என்பது எந்தத் தளத்துக்கும் பொருந்தும். உண்மையாகவே பார்த்தவர் என்றால், எந்தப் பக்கம், என்ன பிழை, அதனால் என்ன பாதிப்பு என்று சொல்லியிருப்பார். டொமைன் பெயரை மட்டும் இடையிடையே செருகியிருப்பது பார்த்ததற்கு அடையாளமாகாது; முகவரிப் பட்டியலிலிருந்து அதை எடுத்து நிரப்பும் வேலையை மென்பொருளே செய்துவிடும்.

அடுத்து, சுட்டப்பட்டிருக்கும் பிழை உண்மையில் பிழைதானா என்று பாருங்கள். “உங்கள் பக்கங்களில் மெட்டா கீவேர்ட்ஸ் இல்லை” என்பது இன்றும் வந்துகொண்டிருக்கும் குற்றச்சாட்டு. பக்கத்தின் நிரலுக்குள் தேடுசொற்களைப் பட்டியலிடும் அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. “உங்கள் டொமைன் அத்தாரிட்டி 12தான், 50 ஆக உயர்த்தித் தருகிறோம்” என்பது இன்னொன்று. டொமைன் அத்தாரிட்டி என்பது மோஸ் என்ற தனியார் நிறுவனம் கணக்கிடும் மதிப்பெண். டொமைன் ரேட்டிங் என்பது ஏரெஃப்ஸ் நிறுவனத்தின் மதிப்பெண். இரண்டும் 100க்குள் தரப்படும் மதிப்பீடுகள். போட்டித் தளங்களோடு தோராயமாக ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவலாம், ஆனால் கூகுள் தன் தரவரிசைக்கு அவற்றை எடுத்துக்கொள்வதில்லை. பிற தளங்களிலிருந்து மதிப்பற்ற இணைப்புகளைக் குவித்து அந்த எண்ணை மட்டும் உயர்த்திக் காட்ட முடியும் என்பதால்தான் அதையே விற்பனைப் பொருளாக்குகிறார்கள்.

முதலிட உத்தரவாதம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாறுவோர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கூகுளில் முதலிடத்தை எவராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. பணம் பெற்றுக்கொண்டு இயல்பான தேடல் முடிவுகளில் ஒரு தளத்தை அது மேலேற்றுவதும் இல்லை. விளம்பரம் என்ற குறிப்போடு காட்டப்படுபவை தனிக் கணக்கு. அப்படியிருந்தும் சிலர் உத்தரவாதம் தருகிறார்கள், சொன்னபடி முதலிடத்தைக் காட்டவும் செய்கிறார்கள். எப்படி என்றால், தேடுசொல்லை அவர்களே தேர்ந்தெடுப்பதால்தான். புத்தகக் கட்டுமானம் செய்யும் ஒருவர் “புத்தக பைண்டிங்” என்ற சொல்லுக்கு முன்னிலை வேண்டும் என்று பணம் கட்டுகிறார். மாத இறுதியில் வரும் அறிக்கையில் அவருடைய தளம் பத்துச் சொற்றொடர்களுக்கு முதலிடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தால், அவருடைய கடைப்பெயரோ எவருமே தேடாத ஏழெட்டுச் சொற்களின் கோவையோ எல்லாவற்றிலும் இருக்கும். அந்த இடம் பணம் கட்டுவதற்கு முன்பும் அவருக்குத்தான் கிடைத்திருக்கும். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, அதே சொற்றொடர்களுக்கு எத்தனை முறை தளம் காட்டப்பட்டது, எத்தனை சொடுக்குகள் வந்தன என்று பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். காட்டப்பட்ட எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அந்த முதலிடத்தால் யாருக்கும் பயனில்லை.

பதில் எழுதாமல் விடுவதும் ஒரு நடவடிக்கைதான்

“தேவையில்லை, நன்றி” என்று மரியாதைக்காக எழுதும் ஒரு வரிகூட, அந்த முகவரி உயிரோடிருக்கிறது, அதைப் படிக்க ஆள் இருக்கிறார் என்ற செய்தியை அனுப்பியவருக்குக் கொடுத்துவிடுகிறது. பல கடிதங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிறு படம் பொதிந்திருக்கும். கடிதத்தைத் திறக்கும்போது அந்தப் படம் அனுப்பியவரின் சர்வரிலிருந்து இறக்கப்படுவதால், திறக்கப்பட்டது என்பது அங்கே பதிவாகிவிடும். வெளிப்படங்களைத் தானாகக் காட்டாதபடி மின்னஞ்சல் அமைப்புகளில் மாற்றிவைப்பது இதைத் தடுக்கும்.

நீங்களே பதிவுசெய்த செய்திமடல் என்றால் அதன் விலகல் இணைப்பைப் பயன்படுத்தலாம். அறிமுகமில்லாதவர் கடிதத்தின் அடியில் இருக்கும் விலகல் இணைப்பைத் தொட வேண்டாம்; ஸ்பேம் என்று குறியிடுங்கள். வெறுமனே அழித்துவிடுவதைவிட அது பயனுள்ளது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் மின்னஞ்சல் அனுப்புவோரைப் பற்றிய ஸ்பேம் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஜிமெயில் விதித்திருப்பதால், நீங்கள் இடும் குறிக்கும் அதில் பங்குண்டு.

கடிதத்தின் மூல வடிவத்தைத் திறந்து தலைப்புப் பகுதியை (ஹெடர்) படிக்கத் தெரிந்தவர்கள், அனுப்பிய முகவரியும் பதில் செல்லும் முகவரியும் ஒன்றுதானா என்று பார்க்கலாம். அனுப்பிய டொமைனைச் சரிபார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். சோதனைகளில் கடிதம் தேறியிருப்பதைக் கண்டு மட்டும் நம்பிவிடக் கூடாது. அந்த டொமைனிலிருந்துதான் கடிதம் வந்தது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. அனுப்பியவர் நாணயமானவரா என்பதைக் காட்டுவதில்லை.

இணைப்பு வியாபாரம்: எதை விற்கிறார்கள்?

1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் அடிப்படை எளிமையானது: ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் தரும் இணைப்பை ஒரு வகை வாக்காகக் கொள்ளலாம், மதிப்புள்ள பக்கம் தரும் வாக்குக்கு மதிப்பும் அதிகம். கூகுள் அதன்மேல் எழுந்தது. வாக்குக்கு மதிப்பு வந்ததும் வாக்கை விற்பவர்களும் வந்துவிட்டார்கள். 2011 பிப்ரவரியில் ஜே.சி.பென்னி என்ற பெரிய அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்துக்காகத் தொடர்பே இல்லாத ஏராளமான தளங்களில் இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. அதையொட்டிக் கூகுள் நடவடிக்கை எடுத்ததில், பல பொருள்களுக்கு முதலிடத்தில் இருந்த அந்தத் தளம் வெகுதூரம் கீழே தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கூகுள் தேடலில் பென்குவின் என்ற புதுப்பிப்பு வந்து, செயற்கையாக இணைப்புச் சேர்த்த தளங்களைப் பரவலாகத் தாக்கியது. 2016 செப்டம்பரிலிருந்து அது கூகுளின் மையத் தரவரிசைக் கணிப்பு முறையிலேயே ஒன்றிவிட்டது. அதன்பின் பெரும்பாலும் இத்தகைய இணைப்புகள் எண்ணிக்கையில் சேர்க்கப்படாமலே விடப்படுகின்றன.

ஆகவே இன்று இணைப்புகளை விலைக்கு வாங்குபவருக்கு இரண்டில் ஒன்று நேரும்: அவை கணக்கில் கொள்ளப்படாமல் பணம் வீணாகும், அல்லது கூகுளின் பணியாளர்கள் நேரில் பரிசீலித்துக் கைமுறை நடவடிக்கை எடுத்துத் தளம் தேடலில் பின்னுக்குத் தள்ளப்படும். கொஞ்ச காலத்துக்குப் பலன் தெரிந்தாலும், நீடிக்கும் என்று நம்ப இடமில்லை.

என் நண்பர் ஒருவர் எனக்குத் தெரியாமல் ஓர் இணைப்புத் தொகுப்பை வாங்கிவிட்டு, சில மாதங்கள் கழித்து அந்த அறிக்கையைக் கொண்டுவந்தார். விரிதாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட வரிசைகள். ஒவ்வொன்றாகத் திறந்தோம். உறுப்பினர் சுயவிவரப் பக்கங்களில் “எங்களைப் பற்றி” என்ற பெட்டிக்குள் அவருடைய முகவரி மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. வேறொரு பக்கத்தில் சூதாட்டத் தளத்துக்கும் மருந்து விற்பனைக்கும் நடுவில் அவருடைய பெயர் இருந்தது. பழைய நூலகம் ஒன்றின் பெயரைத் தாங்கிய தளம், காலாவதியான டொமைனை யாரோ வாங்கி, எதைப் பற்றியும் எழுதாத கட்டுரைகளால் நிரப்பியது. பாதிக்கு மேற்பட்ட பக்கங்கள் அதற்குள் காணாமல் போயிருந்தன. அவர் தன் தொழிலைப் பற்றி நேர்மையாக எழுதிவைத்திருந்த பக்கங்களுக்கு அந்தக் கூட்டத்தில்தான் இடம் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

இதற்கு அவர் முன்பே செய்திருக்க வேண்டியது ஒரு சிறு வேலைதான். முன்பு வேறு வாடிக்கையாளருக்கு அமைத்த மூன்று இணைப்புகளைக் காட்டும்படி கேட்டு, அந்தப் பக்கங்களைத் திறந்து, “தேடுபொறி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர் யாராவது என் தளத்துக்கு வருவாரா?” என்று தன்னையே கேட்டிருந்தால் போதும்.

வேறு வேடங்களில் வருபவை

டொமைன் காலாவதி அறிவிப்பைப் போலவே வடிவமைக்கப்பட்ட மின்னஞ்சல் ஒன்று வரும். சிறிய எழுத்துகளைப் படித்தால்தான் அது தேடுபொறிப் பதிவுச் சேவைக்கான விலைக்கோரல் என்று தெரியும். டொமைன் புதுப்பிப்பை எப்போதும் நீங்கள் பதிவுசெய்த நிறுவனத்தின் தளத்துக்கு நேரடியாகச் சென்று மட்டுமே செய்யுங்கள்.

இன்னொன்று, வழக்கறிஞர் அலுவலகம் என்ற பெயரில் வரும் பதிப்புரிமை எச்சரிக்கை. உங்கள் தளத்திலுள்ள ஒரு படம் தங்கள் கட்சிக்காரருடையது என்றும், குறிப்பிட்ட தளத்துக்கு இணைப்புத் தந்து நன்றி தெரிவித்தால் விட்டுவிடுவதாகவும் அதில் இருக்கும். பணமோ படத்தை நீக்குவதோ வேண்டாம், இணைப்பு மட்டும் போதும் என்று ஒருவர் கேட்டால் அந்த இணைப்புத்தான் அவருடைய நோக்கம். படத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதற்கான பதிவைத் தேடி எடுத்து வையுங்கள். வழக்கறிஞர் என்பவர் மெய்யாகவே பதிவுபெற்றவரா என்று பாருங்கள்.

பணம் தராவிட்டால் ஆயிரக்கணக்கான மோசமான இணைப்புகளை உங்கள் தளத்துக்கு ஏவிவிடுவோம் என்ற மிரட்டலும் வரும். அத்தகைய இணைப்புகளில் பெரும்பாலானவற்றைக் கூகுள் தானே புறக்கணிக்கிறது. மிரட்டலுக்குப் பணம் தந்தால் அடுத்த மிரட்டல்தான் வரும்.

உங்கள் தளத்தில் விருந்தினர் கட்டுரை வெளியிடப் பணம் தருவதாக வரும் கடிதத்தில் நீங்கள் விற்பவராகிவிடுகிறீர்கள். விளம்பரக் கட்டுரை வெளியிடுவது தவறில்லை. ஆனால் பணம் பெற்ற இணைப்பின் நிரலில் ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ என்ற குறிப்பு இட வேண்டும் என்பது கூகுளின் விதி. நோஃபாலோ 2005இல் முதலில் கருத்துப் பெட்டி ஸ்பேமுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்டது; ஸ்பான்சர்டு 2019இல் பணம் பெற்ற இணைப்புகளுக்காகவே வந்தது. அந்தக் குறிப்பு கூடாது என்று எதிர்த்தரப்பு நிபந்தனை விதித்தால், உங்கள் தளத்தின் நற்பெயரைத்தான் விலைபேசுகிறார்கள்.

மெய்யான உதவி தேவைப்பட்டால்

நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களை நீங்கள் தேடிப் போக வேண்டும். மாற்றங்களுக்குப் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுளின் வழிகாட்டல் கூறியிருக்கிறது. முப்பது நாள் என்று சொல்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். என்ன மாற்றப் போகிறார், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வுக் கட்டத்தில் சர்ச் கன்சோலில் கட்டுப்படுத்தப்பட்ட பயனர் அனுமதி மட்டும் கொடுங்கள். உரிமையாளர் அனுமதியையும் டொமைன் கணக்கின் கடவுச்சொல்லையும் யாருக்கும் தர வேண்டாம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு

முதலில் தொடர் கட்டணத்தை நிறுத்துங்கள். அவர்களுக்குக் கொடுத்த அனுமதிகளை நீக்கி, கடவுச்சொற்களை மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில் உங்களுக்குத் தெரியாத நிர்வாகக் கணக்கு இருக்கிறதா, பக்கங்களின் அடியில் புதிய வெளி இணைப்புகள் முளைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கைகள் என்ற பகுதியைத் திறங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் அவசரப்பட வேண்டியதில்லை. நடவடிக்கை இருந்தால், விற்றவர் தந்த பட்டியலை வைத்துக்கொண்டு, எடுக்க முடிந்த இணைப்புகளை எடுக்கச் சொல்லி அந்தந்தத் தளங்களுக்கு எழுதுங்கள். இந்தக் கடிதங்களின் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். எஞ்சியவற்றை, 2012 முதல் கூகுள் தந்துவரும் இணைப்பு மறுப்புக் கருவியில் ஓர் எளிய உரைக்கோப்பாக ஏற்ற வேண்டும். வரிக்கு ஒரு முகவரி; முழுத் தளத்தையும் மறுப்பதென்றால் வரியின் தொடக்கத்தில் டொமைன் என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் இட்டு, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளியில்லாமல் தளப்பெயரை எழுத வேண்டும். நல்ல தளங்கள் தவறுதலாக அதில் சேர்ந்துவிட்டால் அவை தரும் பலனையும் இழப்பீர்கள் என்பதால், ஏற்றுவதற்கு முன் இன்னொருவரையும் பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு மறுபரிசீலனைக் கோரிக்கையில், எப்போது யாருக்குப் பணம் தந்தீர்கள், எவற்றை நீக்கினீர்கள், எவை நீங்கவில்லை என்பதை உள்ளது உள்ளபடி எழுதி அனுப்புங்கள். பதில் வர நாள்களோ வாரங்களோ ஆகலாம். அது வரும்வரை இன்னொரு கோரிக்கை அனுப்பாமல் இருங்கள்.