ஆன்டிபயோகிராம் ஒன்றானால் கிருமியும் ஒன்றா? டைப்பிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த மாணவி போன வாரம் ஐந்து நோயாளிகளின் கிளெப்சியெல்லா (ஒரு பாக்டீரியா) ஆன்டிபயோகிராம்களை, அதாவது கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்ற ரிப்போர்ட்டுகளை, மேசையில் பரப்பி, "மேடம், அஞ்சும் ஒண்ணுதான், அவுட்பிரேக்" என்றாள். ஒரே கிருமி நோயாளிக்கு நோயாளி பரவுகிறது என்று அர்த்தம். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன். கிருமிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்று பார்ப்பதுதான் டைப்பிங்; அதில் நடக்கும் தவறுகள் இவை. லேபிள் மாறுவது, பிளேட்டில் கலப்படம் வருவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆன்டிபயோகிராமை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

பச்சிளம் குழந்தைகள் வார்டு. நான்கு குழந்தைகளின் ரத்தத்தில் கிளெப்சியெல்லா. மெரோபெனம் உட்பட எந்த மருந்து டிஸ்க்கைச் சுற்றியும் வளையமே இல்லை, அதாவது எதுவும் கிருமியைத் தடுக்கவில்லை; நான்கு பிளேட்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. ஒரே மூலம் என்று எழுதிக் கொடுத்தேன். நால்வரையும் கவனித்த நர்ஸ் மீது பழி விழுந்தது. அவர் கையில் ஸ்வாப் எடுத்தார்கள், ஒன்றும் வளரவில்லை. ஆனாலும் வார்டு மாற்றிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, கிருமியின் டிஎன்ஏவை வெட்டிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் பிஎஃப்ஜிஇ ஜெல் வந்தது. இரண்டு லேன்கள் (கிருமிக்கு ஒரு வரிசை) ஒத்துப்போயின. மற்ற இரண்டும் தனித்தனி.

காரணம் இதுதான்: மெரோபெனம் போன்ற மருந்துகளை முறியடிக்கும் என்டிஎம் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிடில், அதாவது கிருமிக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில், இருக்கிறது. கூடவே வேறு பல மருந்துகளுக்கான எதிர்ப்பையும் சுமந்துகொண்டு அது ஒரு குளோனிலிருந்து (ஒரே மூதாதை வழிவந்த கிருமிக் கூட்டம்) இன்னொன்றுக்குத் தாவும், ஈ.கோலையிலிருந்து கிளெப்சியெல்லாவுக்குக்கூட. அப்போது எதிர்ப்பு ஒன்றாகவும் கிருமி வேறாகவும் இருக்கும். பிளாஸ்மிடை இழந்துவிட்டால் ஒரே குளோன் இரண்டு கிருமி போலத் தெரியும். ஆன்டிபயோகிராம் சந்தேகப்பட உதவும், அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் கைகாட்டக் கூடாது. இன்றும் யாராவது அப்படிச் செய்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒப்பிட வேறு கிருமி ஏற்றாதது

அந்த வார்டோடு தொடர்பே இல்லாத இரண்டு மூன்று கிருமிகளையும் அதே ஜெல்லில் ஓட்டுங்கள். ஊரெங்கும் பரவிய குளோன் என்றால், பட்டைகள் ஒத்துப்போவது மட்டும் எதையும் நிரூபிக்காது.

டெனோவர் விதியை எங்கும் பொருத்துவது

இரண்டு கிருமிகளின் ஜெல் பட்டைகளை ஒப்பிட டெனோவர் குழு 1995-இல் தந்த விதி: 1 முதல் 3 பட்டை வித்தியாசம் நெருங்கிய உறவு, 4 முதல் 6 என்றால் உறவு இருக்கலாம், 7 அல்லது அதற்கு மேல் வேறு கிருமி. இது குறுகிய காலத்து அவுட்பிரேக்குக்கு எழுதியது. பல வருடமாகச் சேர்த்து வைத்த கிருமிகளுக்குப் பொருத்தாதீர்கள்.

ஒரே நோயாளியின் ஐந்து மாதிரி

ஒன்றாகத்தான் எண்ண வேண்டும்.

ஆசினெட்டோபாக்டர் (இன்னொரு பாக்டீரியா) லேன் புகைபோல் கலைவது

டிஎன்ஏ சிதைகிறது. ஜெல்லை ஓட்டும் பஃபர் கரைசலில் தயோயூரியா சேர்த்துப் பாருங்கள்.

ரிப்போர்ட் போனதும் பிளேட்டை ஆட்டோகிளேவுக்கு (கிருமியை அழிக்கும் நீராவி இயந்திரம்) அனுப்புவது

முதல் நோயாளியின் காலனியிலிருந்தே கிளிசராலில் எடுத்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். அன்று எங்கள் டெக்னீஷியன் யாரும் சொல்லாமலே நான்கு டியூப்களை எடுத்து வைத்திருந்தார். அவை இருந்ததால்தான் ஜெல் ஓட்ட முடிந்தது. அந்த நர்ஸிடம் போய் மன்னிப்பும் கேட்க முடிந்தது.